நான்காம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டும் பிள்ளைகள்: ஈராசிரியர் மலைப்பள்ளியில் எங்கிருந்து தொடங்குவது?

மலைப்பள்ளி டீச்சர்:

வணக்கம். தமிழ்நாட்டு மலைக்கிராமம் ஒன்றில் ஈராசிரியர் தொடக்கப்பள்ளி. ஒன்றிலிருந்து ஐந்து வரை 34 பிள்ளைகள். தலைமை ஆசிரியரும் நானும் மட்டும். 4, 5ஆம் வகுப்புகளில் உள்ள 13 பேரில் எட்டுப் பேருக்கு, பலகையில் புதிதாக எழுதிப்போடும் ஒரு வரியைக்கூட வாசிக்க வரவில்லை. புத்தகத்தைத் திறந்தால் பாடத்தைக் கடகடவென்று சொல்கிறார்கள். அதே பக்கத்தில் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் விழிக்கிறார்கள். பாதிப் பேருக்கு வீட்டுப் பேச்சு தமிழ் இல்லை.

மூன்று மாதத்தில் இவர்களை ஒரு பத்தி வாசிக்க வைக்க வேண்டும். மற்ற பாடங்களையும் கைவிட முடியாது. அ, ஆவிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாமா? தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் ஒரே ஆள் கையில் வந்துவிடும். அந்த நாளுக்கும் சேர்த்து வழி சொல்லுங்கள்.

கரும்பலகை:

டீச்சர், முதல் வாரத்தைச் சோதனைக்கே கொடுத்துவிடுங்கள். எட்டுப் பேரும் ஒரே படியில் நிற்கமாட்டார்கள். யார் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் அ, ஆவில் தொடங்கினால், பாதிப் பேருக்குத் தெரிந்ததையே இரண்டு மாதம் நடத்தும்படி ஆகிவிடும்.

ஒரே தாளில் நான்கு பகுதி போதும்: பத்து எழுத்து, இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள் பத்து, முதல் வகுப்பு அளவில் நான்கு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் எட்டு வரிக் கதை. கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்க 2005 முதல் நடக்கும் அசர் ஆய்வின் வாசிப்புத் தாளும் இந்த அமைப்பில்தான் இருக்கும். எழுத்தில் தொடங்காமல் பத்தியில் தொடங்குங்கள். வாசித்தால் கதைக்கு ஏறுங்கள், திணறினால் சொல்லுக்கு இறங்குங்கள். ஐந்துக்கு நான்கு சரியாக வந்தால் அந்தப் படி அவருடையது. பத்தியில் மூன்று பிழை வரை பரவாயில்லை. ஆனால் சொல் சொல்லாக நிற்காமல் வாக்கியமாக வாசிக்க வேண்டும்.

பத்தியை நீங்களே எழுதுங்கள். பாடப்புத்தகப் பத்தி என்றால் மனப்பாடம்தான் காதில் விழும். ஒவ்வொருவரையும் தனியாக, மற்ற பிள்ளைகளின் காதுக்கு எட்டாத இடத்தில் உட்காரவையுங்கள். ஐந்து நிமிடம் போதும். நண்பர்கள் முன்னால் கேட்டால், தெரிந்த எழுத்தும் வாயில் வராது.

சரி, தவறு என்று மட்டும் குறிக்காமல், பிள்ளை சொன்னதை அப்படியே பக்கத்தில் எழுதி வையுங்கள். ‘பெட்டி’யை ‘பட்டி’ என்றால் கொம்பைப் பார்க்கவில்லை என்று பொருள். ‘கொடி’யை ‘கெ, ர, டி’ என்றால் துணைக்காலை ர என்று நினைக்கிறார். ‘கல்’லை ‘கல’ என்றால் புள்ளி இன்னும் பதியவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறுவேறு.

உயிர்மெய்:

அ, ஆவிலிருந்து வேண்டாம் என்பதே என் கருத்து. 247 எழுத்தையும் வரிசையாக முடித்த பிறகுதான் சொல் என்றால், பிள்ளை முதல் சொல்லை வாசிக்கும் முன்பே சலித்துவிடும்.

ப, ட, ம இந்த மூன்றை மட்டும் எடுங்கள். அவற்றோடு புள்ளி (்), துணைக்கால் (ா), மேல்விலங்கு (ி). மொத்தம் 12 வடிவம். இதற்குள்ளேயே படம், பட்டம், பாடம், படி, மடி, மாடி, மட்டம், மாமா, மாமி, பாட்டி, பாப்பா எல்லாம் அடங்கிவிடும். முதல் வாரம் முடியும்போது ‘மாமா, பாடம் படி’ என்று ஒரு வரியைத் தானே வாசித்துவிடுவார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்து க, ல சேருங்கள்: கல், பல், பால், கால், கடல், பகல், பாடல், கட்டில். பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று மெய், ஒரு குறி என்ற அளவில் போங்கள்.

உருவத்தில் ஒத்தவற்றையோ ஒலியில் ஒத்தவற்றையோ ஒரே வாரத்தில் கொடுக்காதீர்கள். ண, ன, ந மூன்றையும் பக்கத்தில் வைத்து ‘வித்தியாசம் பார்’ என்று தொடங்குவதுதான் பல வகுப்புகளில் குழப்பத்தை உண்டாக்குகிறது. ஒன்று நன்றாக ஊறிய பிறகு, மூன்று வாரமாவது இடைவெளி விட்டு அடுத்தது. ல, ள, ழவுக்கும் ர, றவுக்கும் இதுவே.

அதிகம் சறுக்குவது மூன்று இடங்களில்.

முதலாவது, ெ, ே, ை. குறி முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். இடமிருந்து வலம் ஒவ்வொன்றாக ஒலித்துப் பழகிய பிள்ளை இங்கே தட்டித்தான் விழும். ‘கொம்பைக் கண்டால் வாயைத் திறக்காதே, அடுத்த எழுத்தோடு சேர்த்துச் சொல்’ என்று பழக்குங்கள். ொ, ோ இன்னும் கடினம், ஏனென்றால் குறி இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. நீள அட்டையில் ‘கொ’ என்று பெரிதாக எழுதி, துணைக்கால் இருக்கும் ஓரத்தை மட்டும் பின்பக்கம் மடியுங்கள். மடித்தால் கெ, விரித்தால் கொ. பத்து முறை மடித்து விரித்தால் பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும். ‘கௌ’வைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், வருகிற சொற்களே குறைவு, ‘கெள’ என்று படிக்கும் பழக்கம் மட்டும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, உகரம். குறி எல்லா மெய்யிலும் ஒரே மாதிரி இல்லை. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம்; சு, பு, யு, வு இன்னொன்று; ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. குடும்பம் குடும்பமாகக் கொடுங்கள். மூன்றாவது குடும்பம் தெரிந்தால் நெடில் சுலபம், ஒரு துணைக்கால் போட்டால் தூ, நூ, லூ வந்துவிடும். கூ, சூ இரண்டையும் தனியாகப் பழக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி. ‘பட்டம்’ என்பதில் வரும் ட வேறு, ‘பாடம்’ என்பதில் வரும் ட வேறு. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் பிள்ளைக்கு அந்த இரண்டும் இரண்டு தனி ஒலிகள், அவற்றுக்கு ஏன் ஓர் எழுத்து என்று நியாயமாகவே குழம்பும். இலக்கணம் சொல்லாமல் இணைச்சொற்களாகக் கொடுங்கள்: பக்கம்–பகல், பட்டம்–பாடம், பத்து–பந்து. இரட்டித்தால் அழுத்தம், தனியாக நடுவில் வந்தாலோ மெல்லினத்துக்குப் பின் வந்தாலோ மென்மை என்பதைக் காதே கண்டுபிடித்துக்கொள்ளும்.

பழைய வாத்தியார்:

உயிர்மெய் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். உயிர்மெய் வரிசை அட்டவணையை ஒதுக்கிவிட வேண்டாம். எட்டுப் பத்து மெய்யும் நாலைந்து குறியும் தெரிந்த பிறகு அந்த அட்டவணையைச் சுவரில் மாட்டுங்கள். தெரியாத கட்டத்தை, மேலே இருக்கும் உயிரையும் பக்கத்தில் இருக்கும் மெய்யையும் பார்த்துப் பிள்ளையே ஊகித்துச் சொல்லும். அட்டவணையின் பயன் அதுதான். ‘க, கா, கி, கீ’ என்று கூட்டமாகப் பாடுவதால் ராகம்தான் மனதில் நிற்கும். விரலை நடுவில் ‘கே’யில் வைத்தால், முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்தால்தான் சொல்ல முடியும்.

வட்டாரப் பயிற்றுநர்:

நேரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். தினமும் 45 நிமிடம், காலை முதல் வேளையிலேயே வையுங்கள். பிற்பகலுக்குத் தள்ளினால் ஏதாவது ஒரு பதிவேற்ற வேலை அதை விழுங்கிவிடும். அந்த நேரத்தில் 3, 4, 5 வகுப்பு என்ற கோடு வேண்டாம். எழுத்து, சொல், பத்தி என்று படிவாரியாகப் பிரியுங்கள். தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வரும் அரும்பு, மொட்டு, மலர் பிரிவுக்கும் கரு இதுதான். 1, 2ஆம் வகுப்பை இதில் கலக்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால் பத்து வயதுப் பிள்ளை வாயே திறக்காது. அவர்கள் தலைமை ஆசிரியரிடம் இருக்கட்டும்.

45 நிமிடம் இப்படி: 10 நிமிடம் தெரிந்த எழுத்து அட்டைகளைக் கலைத்துக் காட்டுதல், 15 நிமிடம் அட்டை அடுக்கிச் சொல் ஆக்குதல், 10 நிமிடம் நாலைந்து வரியை ஒவ்வொருவராக விரல் வைத்து வாசித்தல், கடைசி 10 நிமிடம் ஐந்து சொல்லும் ஒரு வரியும் சொல்வதெழுதுதல். ஒரு குழுவில் நான்கு பேருக்கு மேல் இருந்தால் ஒரே பிள்ளை எல்லா அட்டையையும் அடுக்கிவிடும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எனவே நான்கு பேருக்கு ஓர் அட்டைக் கட்டு என்று கணக்கிட்டுச் செய்யுங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் கூட்டு வாசிப்பில். எல்லோரும் சேர்ந்து சொன்னால் வகுப்பு நன்றாக நடப்பதுபோல் தெரியும். எழுத்துப் படியில் இருக்கும் பிள்ளை அரை நொடி பின்னால் வாயசைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் தப்பித்துவிடும்.

மூன்று மாதத்தை 60 நாள் என்று எண்ண வேண்டாம். விடுமுறை, மழைநாள், வராத நாள் கழித்தால் ஒரு பிள்ளைக்கு 35, 40 அமர்வு கிடைப்பதே அரிது. ஆகவே ‘எந்தத் தேதிக்குள் எந்த எழுத்து’ என்று போகாமல், பிள்ளைக்குப் பிள்ளை முடித்த எழுத்தை ஒரு தாளில் குறியுங்கள். நான்கு நாள் வராமல் திரும்பும் பிள்ளை விட்ட இடம் அதில் தெரியும். மறுசோதனை நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும். வாராவாரம் சோதித்தால் கற்பிக்கும் நேரம்தான் குறையும்.

தனி ஆளாக நிற்கும் நாளுக்கு ஒரு பையைத் தயாராகத் தொங்கவிடுங்கள். உள்ளே படிக்கு ஒன்றாக மூன்று உறை. எழுத்துப் படிக்கு அட்டைக்கட்டும் விடை எழுதிய சொற்பட்டியலும்; சொல் படிக்கு, படத்துக்குக் கீழே சொல் எழுதும் தாள்; பத்திப் படிக்கு வாசிப்பு இயக்கத்தின் ‘நுழை’, ‘நட’ என்ற எளிய கதைப் புத்தகங்களும் ஐந்து கேள்வியும். அந்த நாளில் புது எழுத்து எதுவும் தொடங்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான் என்பதால், மூன்றாவது பணியிடத்தை நம்பித் திட்டம் போட முடியாது. ஊரில் மாலை வகுப்பு நடத்தும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் இருந்தால், உங்கள் குறிப்புத் தாளின் நகலை அவரிடமும் கொடுங்கள். காலையில் நீங்கள் ப, ட, ம நடத்த, மாலையில் அவர் அ, ஆ நடத்தினால் பிள்ளைக்கு இரண்டும் தங்காது.

மலைப்பள்ளி டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. சோதித்துவிட்டேன்: எட்டில் மூவர் எழுத்துக்கும் கீழே, நால்வர் எழுத்தில், ஒருவர் சொல்லில். இன்னும் இரண்டு சந்தேகம். வாசித்த சொல்லுக்குப் பொருள் கேட்டால், தமிழ் பேசாத வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எழுத்துக்கும் கீழே இருக்கும் மூவரில் ஒரு பிள்ளை, நேற்றுச் சொன்ன எழுத்தை இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கிறது. இந்த வேகத்தில், மத்திய அரசின் அடிப்படைக் கல்வித் திட்டமான நிபுண் பாரத் சொல்லும் அளவை எட்டுமா?

இருமொழி:

பொருள் தெரியாத சொல்லை வாசிக்கப் பழக்குவது வீண் உழைப்பு, டீச்சர். ஒரு சொல்லை அட்டையில் எழுதும் முன், அது பிள்ளையின் வாயில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் பொருளைக் காட்டி, செய்துகாட்டி, இரண்டு நாள் பேச்சில் புழங்கவிட்டு, பிறகு எழுத்துக்கு வாருங்கள்.

சுவரில் மூன்று நெடுவரிசை போட்ட ஒரு தாள் ஒட்டுங்கள்: வீட்டில் சொல்வது, பேச்சுத் தமிழ், புத்தகத் தமிழ். முதல் நெடுவரிசையைப் பிள்ளைகள் சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். தமிழ் பேசும் பிள்ளைக்கும் இது வேண்டும். ‘வந்துச்சு’ என்று பேசும் பிள்ளை ‘வந்தது’ என்ற சொல்லைப் புத்தகத்தில்தான் சந்திக்கிறது. வாரத்தில் ஒரு நாள் பிள்ளை சொல்லும் ஒரு வாக்கியத்தை, சொன்னபடியே பலகையில் எழுதி வாசிக்கவிடுங்கள். கீழே புத்தக வடிவத்தை எழுதுங்கள். மேல் வரியை அழிக்காதீர்கள். தன் பேச்சு தப்பு என்று நினைத்துவிட்ட பிள்ளையிடம் வாசிப்பை எதிர்பார்க்க முடியாது.

கரும்பலகை:

நிபுண் பாரத் அளவு மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ நமக்கு ஒரே சொல் என்பதால், அந்த எண்ணைப் பிள்ளையின் தலையில் இப்போது ஏற்ற வேண்டாம். எழுத்துப் படியில் நிற்பவருக்கு மூன்று மாத இலக்கு, புதிய நான்கு வரிப் பத்தியை நிற்காமல் வாசித்து இரண்டு கேள்விக்குப் பதில் சொல்வது. அதற்கும் கீழே நிற்கும் மூவருக்கு, சொல் படியை எட்டினாலே நல்ல முன்னேற்றம்.

நேற்றுச் சொன்ன எழுத்தை மறக்கும் அந்தப் பிள்ளைக்கு முதலில் கண்ணும் காதும் பாருங்கள். எழுத்து தெரியாதவருக்குக் கண் சோதனையில் எழுத்து அட்டை உதவாது. முள்கரண்டி போன்ற குறி நான்கு திசையில் திரும்பியிருக்கும் அட்டையை ஆறு மீட்டர் தள்ளி மாட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடி, திசையைக் கையால் காட்டச் சொல்லுங்கள். காதுக்கு, பின்னால் ஒரு கை நீளத்தில் நின்று மெல்லிய குரலில் தெரிந்த சொற்கள் ஐந்து சொல்லித் திருப்பிக் கேளுங்கள், வீட்டு மொழியிலேயே. சந்தேகம் வந்தால், ஆண்டுக்கு ஒரு முறை பள்ளிக்கு வரவேண்டிய ஆர்.பி.எஸ்.கே. (மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டம்) மருத்துவக் குழுவுக்காகக் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள்.

இரண்டும் சரியாக இருந்து, நாளுக்கு ஒரே எழுத்து என்று மூன்று வாரம் நடத்தியும் தங்கவில்லை என்றால், கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளுக்கு உதவும், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை அழையுங்கள். அவர் வரும்போது காட்ட, பிள்ளை சொன்ன பிழைகளைத் தேதியோடு எழுதிய அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். மதிப்பெண் பட்டியலைவிட அவருக்கு அதுதான் உதவும்.