டிரை கிளீனிங் கடை இருந்த கட்டடத்தைத் தமிழ்ப் பள்ளிக்காக வாங்கலாமா? மாசுப் பொறுப்பும் அரசு உதவியும் பற்றி

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் மிடில்செக்ஸ் கவுண்டியில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்தும் இலாப நோக்கற்ற அமைப்பொன்றின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். பதினோரு ஆண்டுகளாக வாடகை வகுப்பறைகளிலேயே பள்ளியை நடத்திவந்த எங்களுக்கு, நான்கு கடைகள் சேர்ந்த ஒரு பழைய கட்டடம் அக்கம்பக்கத்து விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கிறது. அதன் முனைக்கடையில் 1960களிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் டிரை கிளீனிங் நடந்திருக்கிறது. வங்கிகள் கடன் தரத் தயங்குவதால் கட்டடம் நெடுநாளாகப் பூட்டிக் கிடக்கிறது.

ஃபேஸ் ஒன் அறிக்கை (வாங்குவதற்கு முன் இடத்தின் பழைய பயன்பாட்டையும் மாசு வாய்ப்பையும் ஆராயும் அறிக்கை) கையில் இருந்தால் எந்தப் பொறுப்பும் எங்கள்மேல் விழாது என்கிறார் தரகர். மானியம் வாங்கிச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று குழுவில் சிலர் சொல்ல, அந்தப் பக்கமே போகக் கூடாது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். வார நாட்களில் அங்கே மழலையர் காப்பகம் நடத்தும் எண்ணமும் எங்களுக்கு உண்டு. பெற்றோர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணம் இது; தெரியாமல் செய்யும் ஒரு தவறால் அதை இழந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: சுற்றுச்சூழல் வழக்கறிஞர்

தரகர் சொன்னது பாதி உண்மை. ஆபத்து மறுபாதியில் இருக்கிறது.

நயாகரா அருவிக்கு அருகில் லவ் கெனால் குடியிருப்பில் புதைக்கப்பட்ட இரசாயனக் கழிவுகள் வெளிப்பட்டதை அடுத்து, 1980 டிசம்பரில் சூப்பர்ஃபண்டு சட்டம் வந்தது. மாசை உண்டாக்கியவர் மட்டுமல்லாமல், இன்றைய உரிமையாளரும் முழுச் செலவுக்கும் பொறுப்பாவார் என்று அச்சட்டம் வைத்ததால், மாசுபட்ட நிலத்தைத் தொடவே எல்லோரும் அஞ்சினார்கள். அந்த அச்சத்தைத் தணிக்கவே 2002 ஜனவரியில் திருத்தச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன்படி, மாசு இருப்பது தெரிந்தே வாங்கினாலும், வாங்குவதற்கு முன் உரிய விசாரணையை முறையாகச் செய்தவருக்கு 'நேர்மையான வாங்குபவர்' என்ற பாதுகாப்பு உண்டு. ஃபேஸ் ஒன் என்பது அந்த விசாரணைதான். கிரயம் முடியும் நாளுக்கு முந்தைய ஓராண்டுக்குள் அது செய்யப்பட்டிருக்க வேண்டும். நேர்காணல், அரசுப் பதிவேடுகளின் ஆய்வு, இடத்தை நேரில் பார்வையிடுதல் போன்ற முக்கியப் பகுதிகள் கடைசி 180 நாட்களுக்குள் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். ஆகவே விற்பவர் எப்போதோ எடுத்துவைத்த அறிக்கையை அப்படியே நம்பிக் கையெழுத்திடாதீர்கள்.

இவை அனைத்தும் மத்திய சட்டத்தைப் பற்றியவை. இரசாயனக் கசிவுக்கு யார் பொறுப்பு என்று வரையறுக்கும் நியூ ஜெர்சியின் ஸ்பில் சட்டம் வேறு வகையானது. 1993 செப்டம்பர் 14 அன்றோ அதற்குப் பின்னரோ வாங்கியவர், மாசு இருப்பதை அறிந்திருந்தாலும், அறிந்திருக்க வேண்டியவராக இருந்தாலும், பொறுப்பாளியே. மத்திய சட்டத்தில் உங்களைக் காக்கும் அதே அறிக்கை, மாசைக் கண்டுபிடித்துச் சொன்ன மறுநொடியே மாநிலச் சட்டத்தில் உங்களை 'அறிந்து வாங்கியவர்' ஆக்கிவிடுகிறது. தவிரவும், மாநிலம் கேட்பது ஃபேஸ் ஒன் அன்று. தன் தொழில்நுட்ப விதிகளின்படி செய்யப்படும் முதற்கட்ட மதிப்பீட்டை அது தனியாகக் கேட்கிறது. இரண்டையும் ஒரே நிறுவனத்திடம் ஒன்றாகச் செய்யச் சொல்லுங்கள். பிரித்துச் செய்தால் செலவுதான் கூடும்.

அறிந்து வாங்குபவருக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மாசைப் பற்றி அரசுக்கு அறிவித்து, வாங்கியவுடன் தாமதமின்றித் துப்புரவைத் தொடங்கி முறையாக முடித்தால் பாதுகாப்புப் பெறலாம். 2009ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், எல்.எஸ்.ஆர்.பி. எனப்படும், மாசுத் துப்புரவுக்கு மாநில உரிமம் பெற்ற தனியார் வல்லுநரே பணியை மேற்பார்த்து நிறைவுச் சான்று தருகிறார். அதனால் அரசு அலுவலகத்தின் ஒவ்வோர் ஒப்புதலுக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நிலை மாறியிருக்கிறது.

இன்னொன்றையும் குழுவிடம் சொல்லுங்கள்: வாங்கும் நாளோடு மத்தியப் பாதுகாப்பு உறுதியாகிவிடுவதில்லை. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் பழைய உரத் தொழிற்சாலை நிலத்தை வாங்கிய ஆஷ்லி என்ற மறுமேம்பாட்டு நிறுவனம், விசாரணையை ஒழுங்காகச் செய்திருந்தும், அங்கிருந்த கழிவுத் தொட்டிகளை உரிய நேரத்தில் மூடாமல் விட்டதால் உரிய கவனம் செலுத்தவில்லை என்று முடிவாகி, 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் அந்தப் பாதுகாப்பை இழந்தது.

மறுமொழி: நிலத்தடி நீர் ஆய்வாளர்

சட்டத்தை அவர் விளக்கிவிட்டார். மண்ணுக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை நான் சொல்கிறேன். டிரை கிளீனிங்கில் பயன்பட்ட பெர்க் என்ற இரசாயனக் கரைப்பான் நீரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் எடையுள்ளது. பெட்ரோலைப்போல் நீர்மட்டத்தில் மிதக்காமல், காங்கிரீட் விரிசல், கழிவுநீர்க் குழாயின் இணைப்பு போன்றவற்றின் வழியே கசிந்து, நிலத்தடி நீரையும் தாண்டி, களிமண் அடுக்கு தடுக்கும் வரை ஆழத்தில் இறங்கிவிடும். அங்கிருந்து மெல்லக் கரைவதால், கடை மூடி இருபது ஆண்டுகள் ஆனபின்னும் மாசு அடங்குவதில்லை. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருளாகக் கருதப்படும் பெர்க்கை டிரை கிளீனிங்கிலிருந்து பத்தாண்டுகளில் விலக்கும் விதியை மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ. 2024 டிசம்பரில் வெளியிட்டது.

பள்ளிக்கு முதல் ஆபத்து நீரன்று, ஆவி. தரைக்கடியிலிருந்து எழும் ஆவி, மாசுபட்ட கடையில் மட்டுமன்றிப் பக்கத்து அறைகளிலும் புகும். ஆகவே தளத்துக்கடியில் உள்ள மண்வாயுவைச் சோதிக்காமல் மேலே எதையும் முடிவு செய்யாதீர்கள். அறைக்காற்றைச் சோதிக்க வேண்டி வந்தால், கதவு சன்னல்கள் மூடி ஹீட்டர் ஓடும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலமே இம்மாநிலத்தில் ஏற்றது. கோடைச் சோதனை பொய்யான நிம்மதியைத் தந்துவிடும். ஆவியைத் தடுப்பது பெரும்பாலும் இயலக்கூடியதே: இங்கே பல வீடுகளில் ரேடான் வாயுவுக்கு வைத்திருப்பதைப் போன்ற குழாயும் விசிறியும்தான் அடிப்படை. ஆழத்து நிலத்தடி நீரைத் தூய்மை செய்வதுதான் பல ஆண்டுகளையும் பெரும்பணத்தையும் விழுங்கும்.

காப்பகத் திட்டத்தைத் தனியாக யோசியுங்கள். பிராங்க்ளின் டவுன்ஷிப்பில் பாதரச வெப்பமானி செய்த தொழிற்சாலைக் கட்டடத்தில் மழலையர் காப்பகம் நடந்துவந்தது 2006இல் வெளிப்பட்டபின், காப்பகங்களுக்கான சுற்றுச்சூழல் நிபந்தனைகள் இம்மாநிலத்தில் மிகவும் கடுமையாகிவிட்டன. அவை கடுமையாக இருப்பதே நியாயம் என்பது என் கருத்து.

மறுமொழி: அறக்கட்டளை ஒன்றின் முன்னாள் பொருளாளர்

நாங்கள் பழைய இயந்திரப் பட்டறை ஒன்றை வாங்கிச் சமூகக் கூடமாக மாற்றினோம். பணத்தைப் பற்றி அதில் கற்றதைச் சொல்கிறேன். மாசுபட்ட பழைய இடங்களை மீட்க இ.பி.ஏ. தரும் பிரவுன்ஃபீல்டு மானியம் தனி முதலாளிக்குக் கிடைக்காது. ஊராட்சிகளுக்கும் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் கிடைக்கும். 2018இல் வந்த பில்டு சட்டம், ஓர் இடத்தின் துப்புரவு மானிய வரம்பை 2 இலட்சம் டாலரிலிருந்து 5 இலட்சமாக உயர்த்தியது. உங்கள் அமைப்பு 501(சி)(3) என்ற வரிவிலக்குப் பெற்ற அறப்பணி வகையைச் சேர்ந்ததாக இருந்தால் தகுதி உண்டு. ஆனால் துப்புரவு மானியத்திற்கு இடம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், மாசுக்குப் பொறுப்பாளியாகவும் இருக்கக் கூடாது. வழக்கறிஞர் சொன்ன பாதுகாப்பைக் கிரயத்துக்கு முன்பே உறுதிசெய்யாவிட்டால் இந்தக் கதவும் மூடிவிடும்.

நாங்கள் செய்த பெரிய தவறு அவசரம். மானியம் எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் மண்ணை அகற்றும் வேலையை முன்னதாகவே தொடங்கிவிட்டோம். ஒப்பந்தத்துக்கு முன் செய்த செலவைத் தர இயலாது என்று பின்னர்தான் அறிந்தோம். கட்டடக் குழுவுக்கு அந்த ஆண்டு மிகவும் வேதனையானது.

நீங்கள் இன்னும் வாங்காத நிலையில், முதலில் நகராட்சியைப் பாருங்கள். அவர்களிடம் மதிப்பீட்டு மானியம் கைவசம் இருந்தால், விற்பவர் சம்மதத்துடன் ஃபேஸ் ஒன், மண்ணையும் நீரையும் மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஃபேஸ் டூ இரண்டையும் அதிலிருந்தே செய்ய வாய்ப்புண்டு. நியூவர்க்கில் உள்ள நியூ ஜெர்சி தொழில்நுட்பக் கழகத்தின் பிரவுன்ஃபீல்டு உதவி மையம், ஊராட்சிகளுக்கும் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் கட்டணமின்றி ஆலோசனை தருகிறது.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விற்பவர் எண்பது வயதைக் கடந்தவர். 1978இல் வாங்கி வாடகைக்கு விட்டவரே தவிர, கடையைத் தாம் நடத்தியதில்லை. துப்புரவுக்குக் கொடுக்கத் தம்மிடம் பணமில்லை என்கிறார். அவரிடமிருந்து எதையாவது எதிர்பார்க்க இயலுமா?

மறுமொழி: சுற்றுச்சூழல் வழக்கறிஞர்

1978 என்ற ஆண்டு உங்களுக்கும் அவருக்கும் நல்ல செய்தி. மாநிலத்தின் அபாயகரக் கசிவு துப்புரவு நிதியில், 1983 இறுதிக்கு முன் சொத்தை வாங்கி, அந்த இரசாயனத்தைத் தாம் அங்கே பயன்படுத்தாத உரிமையாளருக்கு 'குற்றமற்றவர் மானியம்' என்ற பிரிவு உண்டு. துப்புரவுச் செலவில் பாதி வரை அதில் கிடைக்கலாம். நிதியில் அப்போதைக்கு இருப்பு உண்டா என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு உங்கள் அமைப்பு விண்ணப்பிக்க இயலாது. சொத்து அவர் பெயரில் இருக்கும்போதே அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே கிரயத்துக்கு அவசரப்படாமல், நிபந்தனையுடன் கூடிய ஒப்பந்தமாகப் போட்டு, விண்ணப்ப வேலையில் அவருக்கு நீங்களே துணை நில்லுங்கள்.

அடுத்து, அவருடைய பழைய காப்பீட்டுப் பத்திரங்களைத் தேடச் சொல்லுங்கள்; துப்புரவுச் செலவுக்கு அவற்றிலிருந்து பணம் கிடைக்கக்கூடும். மாசை முற்றிலுமாக விலக்கும் நிபந்தனை வணிகப் பொறுப்புக் காப்பீட்டில் பரவலாக நுழைந்தது 1986வாக்கில்தான். அதற்கு முன்பிருந்த பத்திரங்களில் 'திடீரென, தற்செயலாக' நேர்ந்த கசிவை மட்டுமே ஏற்போம் என்றிருந்த வாசகத்தை, காப்பீட்டு நிறுவனங்கள் விரும்பிய குறுகிய பொருளில் எடுத்துக்கொள்ள நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1993இல் மார்ட்டன் வழக்கில் மறுத்துவிட்டது. பத்திரமே தொலைந்திருந்தாலும், பழைய காசோலையோ, அடமானக் கோப்பில் கிடக்கும் ஒரு சான்றிதழோ, வரிக் கணக்கில் பிரீமியம் காட்டிய ஒரு வரியோ போதுமான தடயமாகலாம். இதைத் தேடிக் கொடுப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் உண்டு. அவர் வீட்டுப் பரணில் பழைய கோப்புகள் இருக்கின்றனவா என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்; வயதானவர்கள் வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது அவைதாம்.