வைஃபை, டவர் பக்கத்துல இருந்தா உடம்பு படுத்துது: நம்புறவங்களும் வாங்க, நம்பாதவங்களும் வாங்க

தென்றல்_கோவை:
எதிர் பில்டிங் மொட்டை மாடில டவர் வச்ச பிறகுதான் எனக்கு ஆரம்பிச்சுது. நெத்திப்பொட்டு ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, கன்னம் காந்துது, ராத்திரி தூக்கம் சுத்தமா போச்சு. வீட்டுக்காரருக்கு வேலையே வீட்ல இருந்துதான், ரௌட்டர் நாள் முழுக்க ஓடும், நான் பின் ரூம்ல போய் கதவை சாத்திக்குவேன், அங்கயும் ஃபோனை எடுத்துப் பாத்தா அக்கம்பக்கத்து வைஃபை பேரெல்லாம் வரிசையா நிக்குது. டாக்டர்கிட்ட போயாச்சு, ஸ்கேன் நார்மல், நெட்ல கண்டதைப் படிக்காதீங்கம்மான்னு சிரிச்சுட்டு அனுப்பிட்டாரு. வெளிநாட்டுல இதுக்கு பேரே இருக்கு, மின்காந்த ஒவ்வாமைன்னு. இங்க யாருக்காவது இருக்கா, எப்படி சமாளிக்கிறீங்க? கிண்டல் பண்றவங்க தயவுசெஞ்சு வேற திரிக்கு போயிடுங்க.

ரேடியோ_ரவி:
கிண்டல் பண்ண வரலைங்க. டவர் ஃபீல்டுலதான் எனக்கு வேலை, அதனால ரெண்டு விஷயம். ஆன்டெனா கீழ பாத்து அடிக்காது, கிட்டத்தட்ட கிடைமட்டமா போகும், லேசா சாய்ச்சிருப்பாங்க அவ்வளவுதான், அதனால டவருக்கு நேர் கீழ இருக்கறவங்களுக்கு குறைச்சலாத்தான் இருக்கும். எதிர் வீடு அதே உயரம்னா கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அதை மறைக்கல. ஆனா 2012 செப்டம்பர்லயே நம்ம ஊர் லிமிட்டை சர்வதேச அளவுல பத்துல ஒண்ணா குறைச்சாங்க, 900 மெகாஹெர்ட்ஸுக்கு சதுர மீட்டருக்கு 0.45 வாட். உச்சி வெயில்ல அதே ஒரு சதுர மீட்டர்ல ஆயிரம் வாட் பக்கம் கொட்டுது. இன்னொண்ணு, டவர் தூரமா இருந்தாத்தான் ஃபோன் கத்திப் பேசணும், அதாவது காதுல வச்சிருக்கற அந்த ஃபோன் பவரை ஏத்தும். டவரைத் தூக்கிட்டா உங்க தலைக்குப் பக்கத்துல கூடத்தான் செய்யும்.

இயற்கை_முருகேசன்:
வந்துட்டாருப்பா டவர் வக்கீல். வெயிலையும் இதையும் ஒரே தராசுல வைக்கறதே ஏமாத்து வேலை சார், வெயில் தோலோட நின்னுடும், இது உள்ள போகும், அப்புறம் நீங்க சொல்ற லிமிட் எதை வச்சு போட்டது, உடம்பு சூடாகறதை வச்சுத்தானே, சூடே ஆகாம வேற ஏதாவது நடந்தா அதுக்கு உங்ககிட்ட மீட்டர் இருக்கா? 2011ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பே இந்த அலையை புற்றுநோய் வரலாம்னு சந்தேகப்படற 2பி லிஸ்ட்ல போட்டாச்சு. 2017ல குவாலியர்ல ஒரு புற்றுநோயாளி கேஸ் போட்டு சுப்ரீம் கோர்ட்டே ஒரு டவரை நிறுத்தச் சொல்லுச்சு. சிட்டுக்குருவி எங்க போச்சுன்னு கேட்டா பதில் இருக்காது.

ரேடியோ_ரவி:
முருகேசன் அண்ணே, அந்த 2பி லிஸ்ட்லதான் கத்தாழை முழு இலைச் சாறும் இருக்கு, காலைல குடிக்கறதை நிறுத்திட்டீங்களா? கோர்ட்டுன்னா 2021ல நடிகை ஜூஹி சாவ்லா 5ஜிக்கு எதிரா டெல்லி ஹைகோர்ட் போனப்போ கேஸைத் தள்ளிட்டு 20 லட்சம் கட்டச் சொன்னாங்க, பின்னாடி அதை 2 லட்சமா குறைச்சாங்க, ரெண்டு பக்கமும் தீர்ப்பு காட்டிக்கிட்டே இருக்கலாம். குருவி பெருநகரத்துல குறைஞ்சிருக்கு, ஆனா நாடு முழுக்க பாத்தா பெருசா குறையலன்னு 2020 பறவைகள் அறிக்கை சொல்லுது.

தென்றல்_கோவை:
நான் புற்றுநோயும் கேக்கல குருவியும் கேக்கல. எனக்கு தலை வலிக்குது.

ஓபி_டாக்டர்:
தென்றல், உங்களுக்கு வலி இருக்கு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, சிரிச்சு அனுப்பினது தப்பு. 2005ல உலக சுகாதார நிறுவனம் போட்ட குறிப்புலயும் அறிகுறி நிஜம், சில பேரை முடக்கியே போட்டுடும்னுதான் இருக்கு. ஆனா மின்காந்த அலைதான் காரணம்னு சொல்ல ஆதாரம் இல்லன்னும் சேத்தே சொல்றாங்க. சும்மா சொல்லல. 2010ல தொகுத்தப்போ 46 சோதனை, 1175 பேர், எல்லாருமே எனக்கு ஒத்துக்காதுன்னு சொன்னவங்க, சிக்னல் ஓடுதா இல்லையான்னு அவங்களுக்கும் தெரியாது, பக்கத்துல இருந்து சோதிக்கறவங்களுக்கும் தெரியாது. ஓடும்போது மட்டும் வலி வரணுமில்ல? அப்படி நம்பிக்கையா சொல்ற மாதிரி எதுவும் கிடைக்கல, ஓடாதப்பவும் வலி வந்துச்சு. இங்கிலாந்துல எசெக்ஸ் யுனிவர்சிட்டில 2007ல வெளியிட்டதைப் பாருங்க, இப்ப ஆன் பண்றோம்னு சொல்லிட்டு பண்ணப்போ உடம்பு மோசமாச்சு, சொல்லாம பண்ணப்போ எது ஆன் எது ஆஃப்னு கண்டுபிடிக்க முடியல.
இதோட 2013ல வந்த ஒண்ணு. 147 பேர்ல பாதிப் பேருக்கு வைஃபை ஆபத்துன்னு ஒரு டிவி நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டிட்டு, மீதிப் பேருக்கு வேற எதையோ காட்டிட்டு, வைஃபை போடறோம்னு சொன்னாங்க. போடவே இல்ல. பாதிக்கு மேல ஏதோ ஒரு அறிகுறி சொன்னாங்க. இது நடிப்பு இல்ல, பயம் உடம்புல வேலை செய்யற விதம்.

தென்றல்_கோவை:
டாக்டர், இதையெல்லாம் நானும் படிச்சிருக்கேன். ஒரு லேப்ல கொஞ்ச நேரம் உக்கார வச்சு பாக்கறதும், மாசக்கணக்கா ராத்திரி பகலா அதுக்குள்ளயே கிடக்கறதும் ஒண்ணா? அந்த லேப்புக்கு அவங்க பஸ்லயோ ட்ரெயின்லயோ அத்தனை ஃபோனுக்கு நடுவுலதானே வந்திருப்பாங்க, உள்ள நுழையும்போதே தலைவலியோட வந்தவங்ககிட்ட இப்ப வலிக்குதான்னு கேட்டா என்ன தெரியும்? எல்லாருக்கும் ஒரே அலைதான் ஒத்துக்காதுன்னு யார் சொன்னது? உலக சுகாதார நிறுவனத்துக்கே தலைவியா இருந்த ப்ருன்ட்லாண்ட் அம்மா 2002ல மொபைல் பக்கத்துல வந்தா எனக்கு தலைவலின்னு வெளிப்படையா சொன்னாங்க, அவங்களும் டாக்டர்தான். அவங்களையும் பயம்னு சொல்லிடுவீங்களா?

ஓபி_டாக்டர்:
பதவி பெருசுங்கறதால சோதனை மாறாதும்மா. நீங்க கேட்ட லேப் கேள்வி நியாயம்தான், வருஷக்கணக்கா இருந்தா என்ன ஆகும்னு அந்த சோதனைகள் சொல்லாது. ஆனா அதுல கலந்துக்கிட்ட நிறைய பேர் எனக்கு சில நிமிஷத்துலயே தெரியும்னு சொன்னவங்க, அதைத்தான் சோதிச்சாங்க. என் கவலை வேற. இப்ப பின் ரூம். அடுத்து கல்யாணத்துக்கு போக மாட்டீங்க, அங்க எல்லார் கையிலயும் ஃபோன். அப்புறம் பஸ், அப்புறம் பேங்க். ஒதுங்க ஒதுங்க வலி குறையறதில்ல, போக முடியாத இடம்தான் கூடுது, இந்த மாதிரி ஆளுங்களை நான் ஓபில பாத்திருக்கேன். தைராய்டு, ஹீமோகுளோபின், கண்ணாடி பவர், மைக்ரேன், கழுத்து எலும்பு இதெல்லாம் ஒழுங்கா பாருங்க, ஸ்கேன் நார்மல்னா எல்லாம் நார்மல்னு இல்ல. கூடவே சிபிடின்னு, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்திக்க உதவற ஒரு ஆலோசனை முறை இருக்கு, சின்ன ஆய்வுகள்தான், இருந்தாலும் பலன் கொடுத்திருக்கு.

தென்றல்_கோவை:
அதாவது மனநல டாக்டர்கிட்ட போன்னு சொல்றீங்க. வேர்க்கடலை ஒத்துக்காதவங்களை பழகிக்கோன்னு சொல்லுவீங்களா?

ஓபி_டாக்டர்:
வேர்க்கடலையை கண்ணைக் கட்டி கொடுத்தாலும் அவங்களுக்கு வீங்கும். அந்த வித்தியாசத்தைத்தான் இவ்வளவு நேரமா சொல்லிக்கிட்டிருக்கேன்.

பாரிஸ்_குகன்:
நான் பிரான்சில இருக்கிறன், இஞ்ச நடந்ததைச் சொல்லுறன். 2015ல துலூஸ் நீதிமன்றம் ஒரு பெண்ணுக்கு இந்தப் பிரச்சினைக்காக மாதம் ஏறக்குறைய 800 யூரோ ஏலாமைக் கொடுப்பனவு குடுக்கச் சொன்னது. அவ மலைப்பக்கத்தில கரண்ட் இல்லாத ஒரு பழைய கொட்டிலுக்குப் போய் இருந்தவ. கன பேர் இதை வச்சு "பார், வைஃபைதான் காரணம் எண்டு கோர்ட்டே சொல்லிப்போட்டுது" எண்டு எழுதினவை, அது பிழை. காரணத்தை அவங்கள் தீர்மானிக்கேல்ல, இவவால வேலை செய்ய ஏலாது எண்டதைத்தான் ஏற்றுக்கொண்டவங்கள். அதே வருசம் ஒரு சட்டம் வந்தது, மூண்டு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளின்ர பராமரிப்பு நிலையங்களில வைஃபை போடக் கூடாது எண்டு. 2018ல இஞ்சத்தை அரச சுகாதார நிறுவனமும் டொக்டர் சொன்னதைத்தான் சொன்னது, ஆதாரம் இல்லை, ஆனா வேதனை உண்மை, வடிவாப் பராமரியுங்கோ எண்டு. காரணம் நிரூபிக்கிற வரைக்கும் ஆளைப் பட்டினி போட ஏலாதுதானே?

இயற்கை_முருகேசன்:
அப்படிப் போடு குகன் தம்பி. அமெரிக்காவுல கிரீன் பேங்க்னு ஒரு ஊர், மேற்கு வர்ஜீனியாவுல, அங்க வைஃபைக்கும் செல்ஃபோனுக்கும் கட்டுப்பாடு, இந்த மாதிரி ஆளுங்க அங்க போய் குடியேறி நிம்மதியா இருக்காங்க. கெடுதல் ஒண்ணும் இல்லன்னா அரசாங்கம் எதுக்கு கட்டுப்பாடு போடணும்?

ரேடியோ_ரவி:
அது மனுஷங்களுக்காக போட்டது இல்லண்ணே, அங்க இருக்கற ரேடியோ டெலஸ்கோப் ஆய்வுக்கூடத்துக்காக, வானத்துல இருந்து வர்ற நுணுக்கமான ரேடியோ சிக்னல் கெட்டுடக் கூடாதுன்னு 1958லயே போட்டது. போனவங்களுக்கு நிம்மதி கிடைச்சிருக்கலாம், அது ஊர் அமைதியாலயா அலை இல்லாததாலயான்னு யார் பிரிச்சு பாக்கறது.

தென்றல், நீங்களும் நானும் ஒத்துப் போகப் போறதில்ல, ஆனா செய்யக்கூடியதை சொல்றேன். ஃபோனுக்குப் பின்னாடி ஒட்டற கதிர்வீச்சு தடுப்பு சிப், ஸ்டிக்கர் எதையும் வாங்காதீங்க, அது நிஜமாவே தடுத்தா ஃபோன் சிக்னல் தேடி பவரை இன்னும் ஏத்தும், தடுக்கலைன்னா வெறும் ஸ்டிக்கர். வீட்டுக்காரர் லேப்டாப்புக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துட்டு ரௌட்டர் செட்டிங்ல வைஃபையை மட்டும் ஆஃப் பண்ணிடுங்க, நெட்டும் ஓடும், வேகமும் கூடும். டவருக்கு தரங் சஞ்சார்னு தொலைத்தொடர்புத் துறையோட போர்ட்டல் இருக்கு, 4000 ரூபா கட்டினா அதிகாரிங்க வந்து அளந்து கொடுப்பாங்க.

ஓபி_டாக்டர்:
ரவி, கேபிள் சரி. ஆனா அதுக்கப்புறம் பக்கத்து வீட்டு ரௌட்டர் வரும், அதுக்கப்புறம் கரண்ட் மீட்டர். எங்க நிறுத்துவீங்க?

தென்றல்_கோவை:
எங்க நிறுத்தணும்னு நான் பாத்துக்கறேன் டாக்டர். தைராய்டும் ஹீமோகுளோபினும் இந்த வாரமே எடுக்கறேன், அதுல எனக்கு ஒண்ணும் சண்டை இல்ல. கேபிளும் இழுக்கச் சொல்றேன். கண்ணைக் கட்டிக்கிட்டு சோதனைங்கறதும் வீட்லயே செய்யலாம்னு தோணுது, ரௌட்டரை அலமாரிக்குள்ள வச்சு லைட்டை மறைச்சு, எந்த வாரம் ஆன் எந்த வாரம் ஆஃப்னு எனக்குத் தெரியாம. ஆனா அரை மணி நேரம் இல்ல, வாரக்கணக்கா. வீட்டுக்காரர் கையில கொடுக்க மாட்டேன், அவர் மூஞ்சியே சொல்லிடும்.

ரேடியோ_ரவி:
அப்போ கேபிளை முதல்ல இழுங்க, இல்லைன்னா வைஃபை ஆஃப்னு அவரோட மீட்டிங் நின்னதுமே தெரிஞ்சுடும். பக்கத்து வீட்டு சிக்னல் எப்படியும் இருக்கும், அதனால இது உங்க ரௌட்டரைப் பத்தி மட்டும்தான் சொல்லும், டவரைப் பத்தி சொல்லாது.

பாரிஸ்_குகன்:
எந்த வாரம் வைஃபை ஓட வேணும் எண்டதை ரௌட்டர் செட்டிங்கில பொறுப்பான ஒராளைக் கொண்டு செட் பண்ணுவிச்சு, அதைக் கடிதஉறைக்குள்ள எழுதி ஒட்டி வையுங்கோ அக்கா. முடியுறதுக்கு முன்னம் ஒருத்தரும் திறக்கக் கூடாது.

இயற்கை_முருகேசன்:
செய்யுங்க, ஆனா தோத்தா நீங்க பொய்னு இவங்க எழுதுவாங்க, ஜெயிச்சா தற்செயல்னு எழுதுவாங்க. பாத்துட்டே இருங்க.

ஓபி_டாக்டர்:
பொய்னு எழுத மாட்டேன். மூஞ்சில காந்தல் தொடர்ந்தா தோல் டாக்டரையும் பாருங்க.

ரேடியோ_ரவி:
அளக்க வரும்போது மொட்டை மாடியோட விடாதீங்க தென்றல், நீங்க படுக்கற ரூம் ஜன்னல்கிட்டயும் அளக்கச் சொல்லிக் கேளுங்க. சாயங்காலத்துக்கு மேலதான் ஃபோன், நெட் ட்ராஃபிக் ஏறும், அந்த நேரத்துல வரச் சொல்லுங்க.

இயற்கை_முருகேசன்:
கவர்மென்ட் ஆளு சாயங்காலத்துக்கு மேல வர்றான். நடக்கறதை பேசுங்க ரவி.