வாடகை வீட்டில் பொடி, தொக்கு செய்து விற்கப் பதிவு போதுமா, உரிமம் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். கும்பகோணத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், பூண்டுத் தொக்கு ஆகியவற்றை வீட்டு அடுப்பிலேயே செய்து, இதுவரை தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்து வந்தேன். இப்போது எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் தம் கடையில் வைத்து விற்க முன்வந்திருக்கிறார், ஆனால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) எண் இல்லாத பொட்டலத்தை வாங்க மாட்டேன் என்கிறார். மாத விற்பனை நாற்பதாயிரம் ரூபாயைத் தாண்டாது. எனக்குத் தேவை பதிவா, உரிமமா? தனிச் சமையலறை கட்டாயமா? எல்லாவற்றையும் முடித்துத் தர ஒரு கணினி மையத்தில் 3,000 ரூபாய் கேட்கிறார்கள். அது சரியான தொகைதானா?

முதல் பதில்

சகோதரி, உங்கள் அளவுக்குப் பதிவே போதும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த விதிமுறைகள், ஆண்டு விற்றுமுதல் (மொத்த விற்பனைத் தொகை) 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவர்களைச் சிறு உணவு வணிகர் என்று வகுத்து, அவர்களுக்கு உரிமத்துக்குப் பதிலாகப் பதிவை வைத்தன. கணக்கில் வருவது விற்றுமுதல்தான், இலாபம் அன்று. பலர் இதில்தான் குழம்புகிறார்கள். வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் அந்த ஆணையத்தின் பதிவு, உரிம இணையதளமான ஃபாஸ்காஸில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த விதிமுறைகளின்படி பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். கணினி மையத்தார் கேட்கும் மீதித் தொகை முழுவதும் அவர்களுடைய கூலியே. புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றை வைத்துக்கொண்டு நீங்களே விண்ணப்பிக்கலாம். வாடகை வீடு என்பதால் ஒப்பந்த நகலையும், வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதத்தையும் கையில் வைத்திருப்பது நல்லது.

தனிச் சமையலறை கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அந்த விதிமுறைகளின் நான்காம் அட்டவணை கேட்பது தூய்மையை: குடிக்கத் தகுந்த நீர், மூடி வைத்த குப்பைத் தொட்டி, பூச்சி அண்டாத சேமிப்பு, தொற்றுநோய் உள்ளவர் சமையலில் ஈடுபடாமை. உணவு பாதுகாப்பு அலுவலர் நேரில் வந்தால் இவற்றைத்தான் பார்ப்பார்.

இரண்டாம் பதில்

எண் கிடைப்பதைவிட லேபிளைச் சரியாக எழுதுவதுதான் கடினம் என்பேன். அந்த 14 இலக்க எண், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னம், சைவப் பொருளுக்கான பச்சைக் குறி, நிகர எடை, தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, தொகுதி (batch) எண், அதிகபட்ச சில்லறை விலை, உங்கள் பெயரும் முகவரியும் ஆகிய அனைத்தும் இடம்பெற வேண்டும். சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலில் வரும்படி வரிசைப்படுத்த வேண்டும். இட்லிப் பொடியில் நிலக்கடலை சேர்த்தால் ஒவ்வாமைக் குறிப்பும் தேவை. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருப்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அந்த டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு உங்கள் லேபிளை எழுதுங்கள். காலாவதித் தேதியைப் பொறுத்தவரை, எல்லாவற்றுக்கும் மூன்று மாதம் என்று போட்டுவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மூன்றாம் பதில்

மேலே சொன்ன கடைசிக் கருத்தோடு நான் உடன்படவில்லை. அந்தத் தேதியை அரசு நிர்ணயிப்பதில்லை, தயாரிப்பவரே பொறுப்பேற்று நிர்ணயிக்கிறார். அதனால் நான்கு பொருளுக்கும் ஒரே தேதி பொருந்தாது. வறுத்து அரைத்த பொடியில் ஈரம் குறைவு. அது பெரும்பாலும் எண்ணெய்ச் சிக்கு அடித்துத்தான் கெடும், வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். பூண்டுத் தொக்கு அப்படியன்று. பூண்டில் இயல்பாகப் புளிப்பு குறைவு. அது எண்ணெயில் மூழ்கிக் காற்றில்லாமல் இருக்கும்போது போட்டுலினம் நுண்ணுயிர் நஞ்சை உண்டாக்க இடம் ஏற்படுகிறது, அதற்கு மணமோ நிறமோ மாற வேண்டும் என்பதில்லை. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 4.6-க்கு மேல் போகாதபடி புளியோ எலுமிச்சையோ போதிய அளவு சேர்ந்திருக்க வேண்டும்; நாக்கில் வைத்துப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் புளிக்காய்ச்சலையும் தொக்கையும் ஒருமுறை சோதித்து, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு பாட்டிலைத் தேதி எழுதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கை வரும் வரை கடைக்குப் பொடி வகைகளை மட்டும் கொடுங்கள்.