ஒரே சீசனில் 59 வெற்றி: ராட்போர்ன் கை எப்படித் தாங்கியது?

குகை மாமா:

எங்கள் அக்கா பையன் எட்டாவது படிக்கிறான், பள்ளி சாஃப்ட்பால் டீமில் பிட்சர், அதாவது பேட்டருக்குப் பந்து எறிபவன். காந்தி ஸ்டேடியத்தில் பயிற்சி முடிந்து வந்த பிறகும் மொட்டை மாடிச் சுவரில் இருட்டும் வரை எறிந்துகொண்டேதான் இருக்கிறான். போதும்டா, தோள் போய்விடும் என்றால், "ஓல்ட் ஹாஸ் ராட்போர்ன் 1884-இல் ஒரே சீசன்ல 59 மேட்ச் ஜெயிச்சார் மாமா, தினமும் அவர்தான் போட்டார், அவருக்கு என்ன ஆச்சு?" என்று என்னையே மடக்குகிறான். அவர் அந்தக் காலத்து அமெரிக்க பேஸ்பால் பிட்சராம். நான் ஆடியதெல்லாம் டென்னிஸ் பந்து கிரிக்கெட், பேஸ்பால் எனக்கு அரைகுறை. இந்த 59 நிஜமா, கட்டுக்கதையா? நிஜம் என்றால் அந்தக் கை எப்படித் தாங்கியது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி சீனியர்:

நிஜம்தான். பேஸ்பாலில் டீம் ஜெயித்தால் அந்த வெற்றியை ஒரு பிட்சர் பெயரில் எழுதுவார்கள், அந்தக் கணக்குதான் 59. ஆனால் உங்கள் மருமகன் பாதிக் கதையைத்தான் பிடித்து வைத்திருக்கிறான்.

ராட்போர்னின் அப்பா கசாப்புக்காரர், இல்லினாய் மாநிலத்தில் ப்ளூமிங்டன் என்ற ஊர், இவரும் அந்தத் தொழில் பார்த்தவர்தான். 1880-இல் பஃபலோ டீமில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கை வலி வந்து ஊருக்குத் திரும்பிவிட்டார், ஆக ஆரம்பமே அந்த வலியோடுதான். அடுத்த வருடம் பிராவிடன்ஸ் கிரேஸ் டீம் எடுத்துக்கொண்டது. 1883-இலேயே 48 வெற்றி.

1884-இல் அந்த டீமில் முக்கியமான பிட்சர்கள் இரண்டே பேர், இவரும் சார்லி ஸ்வீனி என்ற இளைஞனும். ஜூன் 7-ஆம் தேதி பாஸ்டனுக்கு எதிராக ஸ்வீனி ஒரே ஆட்டத்தில் 19 பேரை ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது) செய்துவிட்டான், ஊரெல்லாம் அவன் பேச்சு. இவருக்கு அது பொறுக்கவில்லை. ஜூலையில் ஒரு ஆட்டத்தைக் கோபத்தில் கெடுத்துவிட்டார் என்று நிர்வாகம் இவரை சஸ்பெண்ட் செய்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஜூலை 22-ஆம் தேதி நடு ஆட்டத்தில், பந்து போட்டது போதும், வலது பக்கம் ஃபீல்டிங் செய்ய ரைட் ஃபீல்டுக்குப் போ என்று ஸ்வீனியிடம் சொல்ல, அவன் போகமாட்டேன் என்று மைதானத்தை விட்டே நடந்துவிட்டான். எட்டுப் பேரோடு ஆடித் தோற்றார்கள். டீமையே கலைத்துவிடலாமா என்று முதலாளிகள் யோசிக்கிற நிலை.

அப்போது மேனேஜர் பேன்கிராஃப்ட் சஸ்பெண்டில் இருந்தவரிடமே போய் நிற்கிறார். ராட்போர்ன் ஒரு பேரம் பேசினார்: மிச்ச சீசன் முழுக்க நான் போடுகிறேன், அதற்குக் கூடுதல் பணம் வேண்டும், சீசன் முடிந்ததும் ரிசர்வ் விதியிலிருந்து என்னை விட்டுவிட வேண்டும். ரிசர்வ் விதி என்றால், ஒப்பந்தம் முடிந்தாலும் அந்த டீம் விடாமல் வேறு எங்கும் ஆட முடியாது. பழைய நாளில் முன்பணம் வாங்கிய தறிக்காரர் கதை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக அவர் ஆசைக்காக தினமும் எறியவில்லை, அது பேரம். மீதி 43 ஆட்டத்தில் 40-ஐ அவரே தொடங்கினார், நடுவில் தொடர்ந்து 18 வெற்றி. வருட மொத்தம் 678 இன்னிங்ஸுக்கு மேல் (கிரிக்கெட் இன்னிங்ஸ் மாதிரி இல்லை, பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது), 441 ஸ்ட்ரைக்-அவுட், தொடங்கிய 73 ஆட்டத்தையும் அவரே முடித்தார். (இதில் விசித்திரம், விடுதலை கிடைத்த பிறகும் மறுபடி அதே பிராவிடன்ஸில்தான் கையெழுத்துப் போட்டார்.)

பிசியோ_ஏவிஆர்:

அண்ணன் சொன்னதோடு விதிகளையும் பாருங்கள், அப்போதுதான் கணக்குப் புரியும். அன்றைக்கு பிட்சர் நின்று எறியும் பெட்டியின் முன்கோடு, பேட்டர் நிற்கும் தட்டிலிருந்து 50 அடியில். இன்றைய 60 அடி 6 அங்குலம் வந்தது 1893-இல். பிராவிடன்ஸ் ஆடிய நேஷனல் லீக், தோளுக்கு மேலிருந்து எறிய விட்டதே 1884-இல்தான், அதுவரை வளர்ந்த பிட்சர்கள் எல்லாம் கையைக் கீழே வைத்தே பழகியவர்கள். பேட்டர் எனக்கு மேலே போடு, கீழே போடு என்று கேட்கலாம், பேட்டருக்கு வாக், அதாவது அடிக்காமலேயே முதல் பேஸுக்குப் போகும் உரிமை, கிடைக்க ஆறு பால் (எல்லைக்கு வெளியே போகும் பந்து) வேண்டும். ஒவ்வொரு பந்தையும் முழு வேகத்தில் வீச வேண்டிய கட்டாயம் இல்லை. இன்றைய பிட்சர் ஒரு சீசனில் 200 இன்னிங்ஸ் போட்டாலே பெரிய விஷயம்.

அப்படி இருந்தும் கை தாங்கியதா என்றால், இல்லை. தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியாது என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஆட்டத்துக்கு முன்னால் கேட்சருக்குச் சில அடி தூரத்தில் நின்று மெதுவாகத் தூக்கிப் போட ஆரம்பிப்பார், ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்து, வலி மரத்துப்போன பிறகுதான் பெட்டிக்குள் போவார். இதைப் பையனிடம் சொல்லுங்கள். அவருக்கு அப்போது 29 வயது. இவனுக்குத் தோள் எலும்பின் வளர்ச்சித் தட்டே (எலும்பு வளரும் குருத்துப் பகுதி) இன்னும் மூடியிருக்காது. சாஃப்ட்பால் விண்ட்மில் முறை கையைச் சுற்றித்தானே போடுகிறோம், தோளுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்ம ஊர்க் கோச்சுகளே சிலர் சொல்கிறார்கள், அது தப்பு. மாடிச் சுவரில் எறிவதையும் கணக்கில் சேருங்கள்.

வாழப்பாடி வேகம்:

59-ஆ 60-ஆ என்று ஒரு பஞ்சாயத்து இருக்கிறதே, அதை யாரும் சொல்லவில்லை. ஜூலை 28-இல் ஒரு ஆட்டத்தை மில்லர் என்பவர் தொடங்கி, ஐந்து இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையோடு விட்டுப்போக, மீதியை ராட்போர்ன் போட்டார். அன்றைய ஸ்கோரர் வெற்றியை இவருக்குக் கொடுத்தார், இன்றைய விதிப்படி அது மில்லருக்குப் போகும். எனக்கு 59 போதும், அதையும் எவனும் தொடப்போவதில்லை.

நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனே ஆஸ்திரேலியா டூர் முடிந்து 2021-இல் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டார். இந்தக் காலத்து டாக்டர், டிரெய்னர் எல்லாம் கூட இருந்தும் அதுதான் நிலைமை.

ஏற்காடு காபி:

சீசன் முடிந்தும் விடவில்லை மனுஷன். அக்டோபரில் நியூயார்க் மெட்ரோபாலிடன்ஸ் என்ற டீமோடு மூன்று ஆட்டம், மூன்றையும் இவரே போட்டு ஜெயித்தார். ஆனால் அடுத்த வருடமே 28 வெற்றி, 21 தோல்வி, அந்த டீமும் 1885-ஓடு முடிந்துபோனது. அப்புறம் பாஸ்டன், கடைசியாக 1891-இல் சின்சினாட்டி. ப்ளூமிங்டனில் மதுக்கடையும் பில்லியர்ட்ஸ் மேசையும் வைத்தார், வேட்டையில் துப்பாக்கி வெடித்து ஒரு கண் போனது, 1897-இல் 42 வயதில் இறந்தார். பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் பெயர் ஏறியது 1939-இல்.

இன்னொன்று, 1886 பாஸ்டன் குரூப் போட்டோவைத் தேடிப் பாருங்கள். மேல் வரிசையில் நின்றுகொண்டு நடுவிரலை நீட்டிக்கொண்டிருப்பார். பையனிடம் காட்டலாமா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம்.

குகை மாமா:

எல்லோருக்கும் நன்றிங்க. தலை வார முடியாத விஷயத்தைச் சொன்னேன், ஒரு நிமிஷம் பேச்சே இல்லை, அப்புறம் "பேரம்னா எவ்ளோ பணம் மாமா?" என்கிறான். பிசியோ சார், எட்டாவது படிக்கிற பையன் வாரத்துக்கு எத்தனை நாள் போடலாம், நடுவில் எத்தனை நாள் ஓய்வு? கோச்சிடம் எழுதியே கொடுத்துவிடுகிறேன், வாயால் சொன்னால் கேட்கமாட்டார். போட்டோவை நான் மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.