கோர்வைக் கணக்கைக் கணினியிடம் கொடுத்தபோது

கணினி இசையமைக்கிறது என்றாலே இப்போது பலருக்கும் ஒரு வரி தட்டினால் முழுப் பாட்டும் தருகிற செயலிதான் நினைவுக்கு வருகிறது. என் அனுபவம் கொஞ்சம் பழைய பாணி. மிருதங்கம் கற்றுக்கொள்கிறேன், பிழைப்பு நிரல் எழுதுவது. இரண்டையும் சேர்த்து, கோர்வை, அதாவது மூன்று முறை வாசித்து முடிக்கிற தாளக் கணக்கு, உருவாக்க பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினேன்.

கணக்கு எளிதுதான். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம்; சதுஸ்ர நடையில் அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஆக ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, 32 மாத்திரை. இரண்டு ஆவர்த்தனம் 64. ஒரு சொற்கட்டை (மிருதங்கச் சொற்களின் கோவையை) மூன்று முறை வாசித்து, நடுவில் இரண்டு இடத்தில் கார்வை (இடைவெளி) விட்டு, சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து விழ வேண்டும். சொற்கட்டு 20 என்றால் கார்வை 2, 18க்கு 5, 16க்கு 8. பாட்டின் எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்திலிருந்து ஒன்றரை அட்சரம் தள்ளி இருந்தால் 64 என்பது 70 ஆகிவிடும், 20க்குக் கார்வை 5 வரும். இதுவரை மனக்கணக்கே போதும்.

சொற்கட்டின் உள்ளே போனால்தான் கதை வேறு. 20 மாத்திரையைத் துண்டுகளாகப் பிரிக்க, வரிசை மாற்றங்களையும் சேர்த்தால், 5,24,288 வழிகள். நிரல் அத்தனையும் கொட்டியது. சிலவற்றை அச்செடுத்து வாத்தியாரிடம் கொண்டுபோனேன். தாளம் போட்டபடி வாயால் சொல்லிப் பார்த்துவிட்டு, பெரும்பாலானவற்றை அடித்துவிட்டார். “கணக்கு சரிப்பா. எங்க போகுதுன்னு கேக்கறவனுக்குத் தெரியலியே” என்றார்.

விடாமல் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டேன். ஒற்றை மாத்திரைத் துண்டு நடுவில் வந்தால் ஓட்டம் தடுக்கிறது. 9, 4, 7 என்று தாவினால் காது பின்தொடராது. கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ போனால் அடுத்தது என்ன என்று அதுவே எதிர்பார்க்கும். இவற்றை விதிகளாக எழுதி, மீறுவதையெல்லாம் தள்ளச் சொன்னேன். அப்புறம் வந்த பட்டியலில் ஒன்று: ததிங்கிணதொம் என்ற சொல் 5, 6, 7 மாத்திரை என வளர்ந்து மொத்தம் 18, நடுவில் கார்வையும் 5. “இது நாங்க வாசிக்கறதுதானேப்பா!” என்றார். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

1957இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹில்லரும் ஐசக்சனும் இல்லியாக் கணினியைக் கொண்டு நான்கு நரம்புக் கருவிகளுக்கு இசை அமைத்ததும் இப்படித்தான்: குருட்டாம்போக்கில் எண் எடு, சுரமாக்கு, விதி மீறினால் தள்ளு. 1980களில் ஆய்வாளர்கள் கிப்பனும் பெர்னார்ட் பெல்லும் போல் ப்ராசசர் என்ற நிரலால் தபலா காயிதாக்களை (ஒரு கருவை மாற்றி மாற்றி வளர்க்கும் உருப்படிகளை) உருவாக்கி, லக்னோ உஸ்தாதிடம் கேட்டுக் கேட்டு விதிகளைத் திருத்தினார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். கலைஞருக்கு விரலில் இருக்கிற, வாய்விட்டுச் சொல்லியிராத ஞானம் அவர் மறுக்கும்போதுதான் வெளியே வருகிறது. கணினியை ஆயிரம் பதிவுகளைக் கேட்கவைத்துப் பயிற்றும் முறையில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பது என் குறை.

எந்தச் சங்கதிக்கு (பாட்டு வரியை மாற்றிப் பாடும் வடிவத்துக்கு) பிறகு எந்தக் கோர்வை பொருந்தும் என்பதற்கு இன்னும் விதி எழுத வரவில்லை. வாத்தியாரும் “பாட்டைக் கேளு” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். தவிலுக்கு யாராவது இப்படி முயன்றிருந்தால், எந்த விதிகளை வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.