ஜோசப் ஸ்மித்தும் தொப்பிக்குள் இருந்த கல்லும்

சுவடிமணி:
அமெரிக்காவில் மார்மன் சபை என்ற கிறித்தவப் பிரிவை நிறுவிய ஜோசப் ஸ்மித் இளமையில் புதையல் பார்த்துச் சொன்னவர். 1822இல் கிணறு வெட்டும்போது கிடைத்த பழுப்புக் கல்லைத் தொப்பிக்குள் போட்டு, வெளிச்சம் புகாதபடி முகத்தைப் புதைத்துக்கொண்டு, மண்ணுக்கடியில் இருப்பதைச் சொல்வார். 1825இல் ஜோசையா ஸ்டோவல் என்ற விவசாயி, ஸ்பானியர் விட்டுச்சென்ற வெள்ளிச் சுரங்கத்தைத் தேட அவரைக் கூலிக்கு அமர்த்தினார். வெள்ளி கிடைக்கவில்லை. 1826இல் நியூயார்க் மாநிலத்தில் இதே தொழிலுக்காக விசாரணைக்கு நிறுத்தப்பட்டார். மறுவருடமே, சபையின் வேதமான மார்மன் நூல் பொறித்த பொன் தகடுகள் கிடைத்தன என்கிறார். எப்படி நம்புவது?

கீழைக்காற்று:
சுவடிமணி ஐயா, பாதியைத்தான் சொல்கிறீர்கள். அந்த விசாரணையில் ஸ்டோவல் ஸ்மித்துக்குச் சாதகமாகவே பேசினார். பிறகு சபையிலும் சேர்ந்தார். அந்த வட்டாரத்தில் பைபிளும் கையுமாக இருந்த குடும்பங்களே கவைக்குச்சி பிடித்துப் புதையல் தேடின. பூதம் காக்கிறது, தோண்டும்போது வாய் திறந்தால் புதையல் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்றெல்லாம் மனதார நம்பினார்கள். ஸ்மித்தும் எதையும் மறைக்கவில்லை. புதையல் தோண்டியது உண்மைதான், மாதம் 14 டாலர்தான் கிடைத்தது என்று 1838இல் சபைப் பத்திரிகையிலேயே சொல்லிவிட்டார்.

அல்லி:
ஸ்மித் மறைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். சபை? அவருடைய எழுத்தர் ஆலிவர் கௌடரிக்குக் 'கோலைக் கொண்டு செயல்படும் வரம்', அதாவது அந்தக் கவைக்குச்சி வரம், உண்டு என்று கடவுள் ஸ்மித்துக்குச் சொன்னதாக 1833இல் அச்சான வெளிப்பாடு சொன்னது. 1835 பதிப்பில் கோல் என்ற சொல் போய், பைபிளில் வரும் ஆரோனின் பெயரில் அது 'ஆரோனின் வரம்' ஆகிவிட்டது. மார்மன் நூலைச் சொல்லி எழுதவைத்தபோது ஸ்மித் பெரும்பாலும் தொப்பிக்குள் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதற்குக் கூட இருந்தவர்களே சாட்சி. ஆனால் சபை ஓவியங்களில் அவர் தகடுகளின் மேல் விரல் வைத்து வாசிப்பார். அந்தக் கல்லின் படத்தைச் சபை வெளியிட்டதே 2015இல்தான். புதையல் தேடியது எனக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு கதை, ஆவணக்காப்பகத்தில் இன்னொரு கதை என்று வைத்திருந்ததுதான் கோபம் வருகிறது.

சுவடிமணி:
கீழைக்காற்று, ஏமாந்தவர் கடைசிவரை நம்புவது புதிதல்ல. ஸ்டோவலின் நம்பிக்கை கல்லுக்குச் சான்றாகாது. அல்லி சொன்ன சொல் மாற்றத்துக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

கீழைக்காற்று:
அந்த மாற்றத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். கோலைக் கோல் என்றே விட்டிருக்க வேண்டும். ஆனால் கல்லைப் பார்த்தவர் பொய்யர்தான் என்று அதிலிருந்து தீர்ப்பு எழுதாதீர்கள். தொப்பிக்குள் குனிந்தபோது தனக்கு ஏதோ தெரிகிறது என்று அவர் உண்மையாகவே நம்பினார் என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன்.