குரூப் 4 பாடத்திட்டம்: எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது

மேசைவிளக்கு:

தமிழ்நாடு அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுத முடிவு செய்ததும் பலர் முதலில் தூக்குவது ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத்தான். பொது அறிவுப் பகுதியில் அலகு 1 பொது அறிவியல் என்று போட்டிருக்கிறது, அவ்வளவுதான் காரணம். அளவீடுகள், விசை, அணு, செல் என்று இரண்டு மாதம் ஓடிவிடும். எட்டாம் வகுப்பைத் தாண்டுவதற்குள் அறிவிப்பு வந்து நிற்கும், தமிழ்ப் புத்தகம் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

2025 ஜூலை 12-இல் நடந்த தேர்வுக்கான பாடத்திட்டத்தில் அலகுக்கு எத்தனை கேள்வி என்று தேர்வை நடத்தும் டி.என்.பி.எஸ்.சி.யே (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. பொது அறிவு 75-ல் அறிவியல் 5, புவியியல் 5, இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் சேர்த்து 10, ஆட்சியியல் (பாலிட்டி) 15, பொருளாதாரமும் தமிழ்நாட்டு வளர்ச்சி நிர்வாகமும் 20, தமிழ்நாட்டு வரலாறு, மரபு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் 20. இதோடு கணக்கு 15, காரணவியல் (ரீசனிங்) 10. தமிழ் மட்டும் 100. மொத்தம் 200 கேள்வி, ஒன்றுக்கு ஒன்றரை மதிப்பெண், 300-க்கு.

கூட்டிப் பாருங்கள். தமிழும் கணக்கும் காரணவியலும் சேர்ந்து 125 கேள்வி. ஆட்சியியலையும் அந்த இரண்டு இருபதுகளையும் சேர்த்தால் 180. அறிவியல், புவியியல், இந்திய வரலாறு மூன்றுக்கும் மிச்சம் இருப்பது 20 கேள்வி. அதிலும் அறிவியலின் ஐந்து கேள்விக்கு இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் நான்கையும் ஆறு முதல் பத்து வரை புரட்ட வேண்டும். கலைச்சொற்களில் பத்து கேள்வி வருகிறது, அதற்கு ஐந்து தமிழ்ப் புத்தகங்களில் பாட இறுதிப் பட்டியலைப் பார்த்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. எனவே முன்னுரிமைக்கு நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: ஒரு கேள்வியைப் பிடிக்க எத்தனை மணி நேரம் செலவாகிறது?

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர், நாளுக்கு 4 மணி, 120 நாள் என்று வைத்துக்கொண்டால் 480 மணி. இப்படிப் பிரிக்கலாம்: தமிழ் 190, கணக்கும் காரணவியலும் 70, தமிழ்நாட்டு வரலாறு 70, பொருளாதாரம் மற்றும் வளர்ச்சி நிர்வாகம் 65, ஆட்சியியல் 45, இந்திய வரலாறு 20, அறிவியலும் புவியியலும் சேர்த்து 20. அறிவியலுக்குப் பத்து மணி நேரமா என்று பதறுவார்கள். ஆமாம், பத்துதான்.

இடைச்சொல்:

மேசைவிளக்கு சார் சொன்னதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ்ப் பகுதி தகுதித் தேர்வும்கூட. 150-க்கு 60, அதாவது 40 கேள்வி சரியாக இல்லையென்றால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். "தாய்மொழிதானே, வந்துவிடும்" என்று விட்டவர்களை இலக்கணம் பழிவாங்கும்.

தமிழின் நூறும் ஒரே மாதிரியானதல்ல. இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிதல் 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழறிஞர்களும் 15. பழைய பழக்கத்தில் பலர் நூல், ஆசிரியர், அடைமொழி, பிறந்த ஊர் என்று மனப்பாடம் செய்துகொண்டே இருக்கிறார்கள். அது இப்போது அந்தக் கடைசி 15 கேள்வியில் ஒரு பகுதி மட்டுமே. முதல் ஒரு மாதம் இலக்கணமும் சொல்லகராதியும் மட்டும் எடுங்கள்.

இலக்கணத்திலும் விதியைப் பிடித்தால்தான் வேகம் வரும். பிரித்தெழுதுகவில் ‘கருங்கடல்’ கேட்டால் நான்கு விடைகள் இப்படி நிற்கும்: கரு + கடல், கரும் + கடல், கருங் + கடல், கருமை + கடல். காதுக்கு முதல் மூன்றும் பொருந்தும். நிறம், குணம், அளவு, சுவை சொல்லும் சொல் முதலில் வந்தால் ‘மை’ சேர்த்துப் பாருங்கள். கருமை + கடல், செம்மை + தமிழ், பசுமை + கொடி, சிறுமை + ஊர், முதுமை + ஊர். ‘மை’ போவதையும் சேர்த்து நன்னூலில் ஒரே நூற்பாவில் ஏழு மாற்றங்கள் இருக்கின்றன. பைங்கொடியில் அகரம் ஐ ஆகிறது, மூதூரில் முதல் எழுத்து நீள்கிறது, சிற்றூரில் ஒற்று இரட்டிக்கிறது, கருங்கடலில் இன எழுத்து மிகுகிறது. அந்த ஒரு நூற்பாவை எடுத்துக்காட்டோடு ஒரு மாலை உட்கார்ந்து முடித்தால் இருநூறு சொற்களை உருப்போட வேண்டாம்.

விழுகிற இடம் ‘வெந்நீர்’. வெண்மை + நீர் என்று போட்டுவிடுவார்கள். அது வெம்மை + நீர். வெம்மை என்றால் சூடு. தண்ணீர் தண்மை + நீர், தண்மை என்றால் குளிர்ச்சி. பொருளைக் கேட்டுக்கொண்டால் தவறாது.

வேர்ச்சொல்லுக்கும் அப்படித்தான். ‘நடந்தான்’ எவருக்கும் தெரியும். கேட்டான் – கேள், கற்றான் – கல், நின்றான் – நில், கண்டான் – காண், நொந்தான் – நோ, தந்தான் – தா. உருமாறும் வினைகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் வினைமுற்று, பெயரெச்சம், வினையெச்சம், வினையாலணையும் பெயர், தொழிற்பெயர் என ஐந்து கட்டம் போடுங்கள்: சென்றான், சென்ற, சென்று, சென்றவன், செல்லுதல். ஒரே தாள் நான்கைந்து வகைக் கேள்விக்கு உதவும்.

கலைச்சொல்லில் ஒன்றுக்கொன்று நெருங்கிய சொற்களைக் கட்டாகப் படியுங்கள். பத்தாம் வகுப்பில் காற்றைப் பற்றிய பட்டியல் நல்ல உதாரணம்: ஸ்டார்ம் புயல், டார்னடோ சூறாவளி, டெம்பெஸ்ட் பெருங்காற்று, வேர்ல்விண்ட் சுழல்காற்று. தனித்தனியாகப் படித்தவருக்கு இந்த நான்கும் நான்கு விடைகளாக ஒரே கேள்வியில் வரும்போது தலை சுற்றும்.

கணக்குப்பிள்ளை:

கணக்கும் காரணவியலும் சேர்ந்த 25 கேள்விக்கு 70 மணி சரியான ஒதுக்கீடு. ஆனால் அதை வாரக் கடைசியில் மொத்தமாகச் செலவழித்தால் வீண். தினம் 35 நிமிடம், 120 நாள், அதே 70 மணி. கணக்கு கையில் இருக்க வேண்டிய சமாச்சாரம், நான்கு நாள் விட்டால் கை மறந்துபோகும்.

வரிசை: சுருக்குதல், விழுக்காடு, விகிதம், மீ.பொ.கா. (மீப்பெரு பொதுக் காரணி), மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு), அதன் பிறகு தனிவட்டி, கூட்டுவட்டி, வேலையும் காலமும், கடைசியில் பரப்பும் கன அளவும். விழுக்காடு தடுமாறுகிறவர் வட்டிக்குப் போனால் அங்கே இரட்டிப்பாகத் தடுமாறுவார்.

கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம், 2 ஆண்டுக்கு: அசல் × வீதம் × வீதம் ÷ 10,000. ரூ.8,000, 5 விழுக்காடு என்றால் 8,000 × 25 ÷ 10,000 = ரூ.20. இதே கேள்வியை 3 ஆண்டுக்குக் கேட்டால் அந்த 20-ஐ ஒன்றரை மடங்காக்கி 30 என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். விடைகளிலும் 30 காத்துக்கொண்டிருக்கும். 3 ஆண்டுக்கு 2 ஆண்டு விடையை (300 + வீதம்) ஆல் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும்: 20 × 305 ÷ 100 = ரூ.61. அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி சேர்ந்தால் வீதத்தைப் பாதியாக்கி, காலத்தை இரட்டிப்பாக்குங்கள். இதில் இரண்டாவதை மறப்பவர்கள்தான் அதிகம்.

வேலையும் காலமும் கேள்வியைப் பின்னத்தில் போடாதீர்கள். ஒருவர் 12 நாள், இன்னொருவர் 15 நாள் என்றால் மீ.சி.ம. 60-ஐ மொத்த வேலையாக வையுங்கள். ஒருவர் நாளுக்கு 5, மற்றவர் 4, சேர்ந்து 9. 60 ÷ 9, அதாவது 6⅔ நாள். ஒருவர் நடுவில் விலகினார் என்று திருகினாலும் இதே முறை தாங்கும்.

காரணவியல் பத்தில் பகடையும் எண் தொடரும் பழகப் பழக வரும். எண் தொடரில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். 200 கேள்விக்கு 180 நிமிடம், சராசரி 54 நொடி.

கடைசி பெஞ்ச்:

அறிவியலுக்குப் பத்து மணி என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தமிழிலும் கணக்கிலும் போட்டியில் இருக்கிற எல்லாரும் வாங்கிவிடுவார்கள். அப்புறம் பிரிப்பது இந்த ஐந்து ஐந்து கேள்விகள்தானே?

மேசைவிளக்கு:

தமிழில் 90-ஐத் தாண்டிவிட்டவருக்கு நீங்கள் சொல்வது பொருந்தும், அண்ணா. 70-ல் நிற்பவருக்கு அடுத்த பத்து கேள்வி தமிழில்தான் மலிவு. எது மலிவு என்பதைப் பழைய வினாத்தாள் காட்டிவிடும். ஆணையத்தின் தளத்தில் வினாத்தாளும் உத்தேச விடையும் கிடைக்கும். மூன்று மணி நேரம் வைத்து எழுதி, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் அலகு எண்ணும் ஓர் எழுத்தும் போடுங்கள். படிக்காதது ‘ப’, படித்து மறந்தது ‘ம’, இரண்டு விடைக்கு நடுவில் குழம்பியது ‘கு’. ‘ப’ நிறைந்த அலகுக்குப் புத்தகம் வேண்டும், ‘ம’-வுக்குத் திருப்புதல் வேண்டும். ‘கு’ தான் லாபமான இடம்: அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தால் அரை மணியில் சரியாகும். மூன்றையும் ஒன்றாக எண்ணி "பாலிட்டி வீக்" என்று முதலிலிருந்து புத்தகத்தைத் தொடங்குவதுதான் பெரிய விரயம்.

அறிவியலின் பத்து மணியை இதில் போடலாம்: அளவீட்டு அலகுகள், வைட்டமின் குறைபாட்டு நோய்கள், நாளமில்லாச் சுரப்பிகள், அன்றாடப் பொருட்களின் அமிலங்கள் (எலுமிச்சையில் சிட்ரிக், புளியில் டார்டாரிக், தயிரில் லாக்டிக்), ஒளியும் ஒலியும். கரிம வேதியியலை விட்டுவிடலாம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது கிடையாது, எனவே படிக்காத கேள்விக்கும் ஊகித்து ஒரு விடை போட்டுவிடுங்கள். புவியியலில் பத்தாம் வகுப்பின் தமிழ்நாட்டுப் பாடங்கள் இரண்டையும் முதலில் முடியுங்கள், அவை வளர்ச்சி நிர்வாகத்துக்கும் கைகொடுக்கும்.

நூலகத் திண்ணை:

ஆட்சியியல் 15-ல் ‘கு’ ரகம்தான் மிகுதி. அரசமைப்பின் 73, 74-ஆவது திருத்தங்களைப் பாருங்கள், இரண்டும் 1992. 73 ஊராட்சி, பகுதி 9, பதினோராம் அட்டவணை, 29 பொருள்கள். 74 நகராட்சி, பகுதி 9அ, பன்னிரண்டாம் அட்டவணை, 18 பொருள்கள். தனித்தனியாகப் படித்தால் 29-ம் 18-ம் இடம் மாறும். அடிப்படைக் கடமைகளும் அப்படி: 1976-இல் 42-ஆவது திருத்தம் பத்தைச் சேர்த்தது, 2002-இல் 86-ஆவது பதினோராவதைச் சேர்த்தது. "42-ஆவது திருத்தம் சேர்த்த கடமைகள் எத்தனை" என்று கேட்டால் 11 என்று கை போகும்.

இருபது இருபதாக வரும் இரண்டு அலகுகளையும் தனித்தனியாகப் படிக்காதீர்கள். நீதிக்கட்சி 1916, முதல் வகுப்புவாரி அரசாணை 1921, சுயமரியாதை இயக்கம் 1925 என்று வரலாற்று அலகில் வருவதன் தொடர்ச்சியே வளர்ச்சி நிர்வாகத்தில் வரும் சமூக நீதியும் 69 விழுக்காடு இடஒதுக்கீடும். அந்த 69-ஐயும் பிரித்தே வைத்துக்கொள்ளுங்கள்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட இஸ்லாமியருக்குத் தனியாக 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் இனத்தவர் 18, பழங்குடியினர் 1. அருந்ததியரின் 3 அந்த 18-க்குள் அடக்கம். அதைத் தனியாகக் கூட்டி 72 ஆக்கிவிடுகிறவர்கள் உண்டு. திருக்குறளும் இப்படித்தான், தமிழ் இலக்கிய அலகிலும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. ஒரு முறை படித்து இரண்டு இடத்தில் அறுவடை செய்யலாம்.

அரசுத் திட்டங்களுக்கு ஒரு நோட்டு, ஐந்து கட்டம்: தொடங்கிய நாள், தொடங்கிய இடம், யாருக்கு, எவ்வளவு, எந்தத் துறை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15, மதுரை. மகளிர் உரிமைத் தொகை அடுத்த ஆண்டு அதே செப்டம்பர் 15, மாதம் ரூ.1,000. புதுமைப் பெண் 2022 செப்டம்பர் 5, தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9, இரண்டிலும் மாதம் ரூ.1,000. நாளும் தொகையும் இவ்வளவு ஒத்திருப்பதால் வரிவரியாக எழுதினால் தேர்வறையில் கலந்துவிடும்.

நடப்பு நிகழ்வுகளுக்கென்று இந்தப் பாடத்திட்டத்தில் தனி அலகு இல்லை. தினம் இருபது பக்க பி.டி.எஃப். இறக்கிப் படிப்பதை நிறுத்திவிட்டு, இந்த நோட்டில் ஏறக்கூடிய செய்தியை மட்டும் எடுங்கள்.

இடைச்சொல்:

அந்த 480 மணியில் திருப்புதல் எங்கே இருக்கிறது சார்? ஒவ்வொரு அலகிலும் ஐந்தில் ஒரு பங்கை அதற்கென்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள், 96 மணி வரும். இல்லையென்றால் முதல் மாத இலக்கணம் நான்காம் மாதத்தில் ‘ம’ பட்டியலில் நிற்கும்.

மேசைவிளக்கு:

சரிதான், எழுத விட்டுப்போனது. 190-ல் 38 மணி திருப்புதலுக்கு. அதைக் கடைசியில் குவிக்க வேண்டாம், ஞாயிறுதோறும் அந்த வாரத்தின் ‘ம’ கேள்விகளை மட்டும்.

புதுவரவு:

குரூப் 2-உம் சேர்த்து எழுதுகிறவர்கள் வரிசையை மாற்ற வேண்டுமா அக்கா?

இடைச்சொல்:

வரிசை அதேதான் தம்பி, ஆழம்தான் மாறும். குரூப் 2 பொது அறிவு பட்டப்படிப்புத் தரம், அதனால் ஆட்சியியல், பொருளாதாரம், தமிழ்நாட்டு வரலாறு மூன்றுக்கும் 11, 12-ஆம் வகுப்புப் புத்தகங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழும் கணக்கும் அப்படியே இருக்கட்டும். குரூப் 2 முதன்மைத் தேர்வில் விரித்து எழுத வேண்டும், ஆகவே சமூக நீதி, உள்ளாட்சி, நலத்திட்டங்கள் பற்றி வாரம் ஒரு பக்கம் கையால் எழுதிப் பாருங்கள். குரூப் 4-க்கு இரண்டு மாதம் இருக்கும்போது அந்த ஒரு பக்கத்தை நிறுத்திவிட்டு, விடைக்கு வட்டம் நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளுக்கு மாறுங்கள். தமிழுக்கு 55 நிமிடம், பொது அறிவுக்கு 45, கணக்குக்கு 50, மீதி 30 விட்டுவைத்த கேள்விகளுக்கும் வட்டங்களைச் சரிபார்க்கவும். வட்டத்தைக் கேள்வியோடு கேள்வியாக நிரப்புங்கள். கடைசி அரை மணியில் 200 வட்டத்தையும் மொத்தமாக நிரப்புகிறவர்களுக்கு ஒரு எண் தள்ளிப்போனால் அதன் கீழே வரிசை முழுக்கத் தள்ளிப்போகும்.